கல்லறை இல்லாதவர்களுக்கு எங்கே மெழுகுவர்த்தி ஏற்றுவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லறைத் திருநாளுக்கு மறுநாள் உங்கள் நாளிதழில் ஒரு படம் வந்திருந்தது. பூவும் மெழுகுவர்த்தியுமாக ஒரு கல்லறைத் தோட்டம், குடும்பம் குடும்பமாக ஆட்கள், நடுவில் ஃபாதர் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வருகிறார். நல்ல படம். அதைப் பார்த்ததிலிருந்து இதை எழுத வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டே இருக்கிறது, ஏனென்றால் அந்தப் படத்தில் வராத ஆட்கள் எங்கள் பக்கத்தில் ஏராளம். கல்லறைத் திருநாளான நவம்பர் 2ஆம் தேதி எந்தக் கல்லறை முன்னால் போய் நிற்பது என்று தெரியாமல் கல்லறைத் தோட்டத்தின் வாசல் பக்கமே நின்றுவிட்டுத் திரும்பி வருகிறவர்கள். நான் அவர்களில் ஒருத்தி.

நான் கன்னியாகுமரி மாவட்டத்தில் தூத்தூர் பகுதியைச் சேர்ந்தவள். நீரோடியிலிருந்து இரயுமன்துறை வரைக்கும் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஏ.வி.எம். கால்வாய், நடுவில் நெருக்கமாக எட்டு ஊர்கள். எங்கள் ஆண்கள் ஆழ்கடலுக்குப் போகிறவர்கள், சுறாவுக்கும் சூரைக்கும் தூண்டில் போடுகிறவர்கள். கொச்சியிலிருந்து படகு ஏறினால் லட்சத்தீவு தாண்டி, சில நேரம் குஜராத் பக்கம்வரை போய், ஒரு மாதமோ அதற்கு மேலோ கழித்துத்தான் வருவார்கள். அதனால் எங்கள் வீடுகளில் காத்திருப்பது என்பது புது விஷயமே இல்லை, குழந்தையாக இருக்கும்போதே பழகிவிடும்.

2017 நவம்பரில் அப்படித்தான் என் அண்ணனும் போனான். படகில் 11 பேர். போன் கிடைக்கிற தூரம்வரை பேசிக்கொண்டே போனான். "கிறிஸ்மசுக்கு முன்னால வந்துருவேன், நட்சத்திரத்தை நான் வந்து கட்டுறேன், நீங்க யாரும் மேல ஏறாதீங்க" என்றுதான் கடைசியாகச் சொன்னான். நவம்பர் 29ஆம் தேதி இலங்கைக்குத் தெற்கே இருந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் மறுநாள், 30ஆம் தேதி வியாழக்கிழமை, குமரிக் கடலில் புயலாக மாறியது. எச்சரிக்கை வந்து சேர்ந்தபோது பக்கத்துக் கடலுக்கு வள்ளத்தில் போனவர்களே திரும்பி வர முடியாத தூரத்தில் இருந்தார்கள். ஆழ்கடலில் இருந்தவர்களுக்குச் சேதி சொல்ல வழியே இல்லை. ஒக்கி என்று அந்தப் புயலுக்குப் பெயர். வங்காள மொழியில் கண் என்று அர்த்தமாம், அதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

புயலைப் பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டது, நான் அதைச் சொல்ல வரவில்லை. சொல்ல வந்தது அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்குள் நடந்ததை.

எங்கள் வீட்டில் சாயங்காலம் ஏழு மணிக்கு மணி அடித்ததும் செபமாலை. யார் எந்த வேலையில் இருந்தாலும் பாயில் வந்து உட்கார வேண்டும், பாட்டி காலத்திலிருந்தே அப்படித்தான். அம்மா பழைய ஆள், பரலோக மந்திரம், பிரியதத்த மந்திரம் என்றுதான் சொல்வாள், புதிய பெயர்கள் அவளுக்கு வாயில் வராது. செபமாலையின் ஐம்பத்து மூன்று மணியும் சொல்லி முடிந்ததும் எங்கள் வீட்டு வழக்கப்படி கூடுதலாக இரண்டு செபங்கள் உண்டு. முதலில் கடலில் இருக்கிறவர்களுக்காக ஒரு பரலோக மந்திரம். அப்போது வீட்டிலும் தெருவிலும் யார் யார் கடலில் இருக்கிறார்களோ அத்தனை பேரின் பெயரையும் அம்மா வரிசையாகச் சொல்வாள், படகு கரைக்கு வந்ததும் அந்தப் பெயரை எடுத்துவிடுவாள். அடுத்து மரித்தவர்களுக்காக ஒன்று. தாத்தா, பாட்டி, 2009இல் போன எங்கள் அப்பா, சுனாமியில் போன சித்தி.

சித்தியைக் கட்டிக்கொடுத்தது குளச்சல் பக்கம். 2004 டிசம்பர் 26, கிறிஸ்மசுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு எத்தனையோ பேரை ஒரே குழியில் வைத்தார்கள், சித்தியையும் அப்படித்தான் வைத்தார்கள். தனிக் கல்லறை இல்லையே என்று அப்போது அம்மா மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். பிறகு ஒக்கி வந்தபோது அதே அம்மாதான் சொன்னாள், "என் தங்கச்சிக்கு ஒரு குழியாவது கெடச்சுது."

அண்ணன் பெயர் இந்த இரண்டு வரிசையில் எதில் வரும்? இதுதான் எங்கள் வீட்டின் கேள்வியாக இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது.

முதல் வாரம் முழுவதும் கடற்கரையிலும் கோயில் முற்றத்திலும்தான் இருந்தோம். டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் திருவிழா, மாவட்டமே விடுமுறை எடுக்கிற நாள், திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறும் அன்றைக்குத்தான். ஆண்டவரின் வருகைக்குக் காத்திருங்கள் என்று பிரசங்கம். கோயிலுக்குள் இருந்த எங்களுக்கு வேறு வருகைதான் நினைப்பு. 7ஆம் தேதி ஆயிரக்கணக்கான பேர் நடந்தே போய்க் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தோம், எங்கள் ஆட்களைத் தேடுங்கள் என்று கேட்டு. கைக்குழந்தையோடு வந்த பெண்கள் இருந்தார்கள். அண்ணன் மகள் என் மடியில் தூங்கிவிட்டாள், அவளுக்கு அப்போது 6 வயது.

படகுகள் சில மகாராஷ்டிராவில் ஒதுங்கியிருக்கின்றன, குஜராத்தில் ஒதுங்கியிருக்கின்றன, லட்சத்தீவில் ஆட்கள் இருக்கிறார்கள் என்று சேதி வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு சேதிக்கும் அம்மா எழுந்து உட்காருவாள். சிலர் திரும்பியும் வந்தார்கள், பக்கத்துத் தெருவில் ஒருவர் 12 நாள் கழித்து நடந்தே வீட்டுக்குள் வந்தார், அதை என் கண்ணால் பார்த்தேன். அதனால்தான் அம்மாவின் நம்பிக்கையைத் தப்பு என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

அப்புறம் கேரளக் கரையில் உடல்கள் ஒதுங்க ஆரம்பித்தன. முகம் பார்த்து அடையாளம் சொல்ல முடியாத நிலை. டி.என்.ஏ. பரிசோதனைக்கு அம்மா ரத்தம் கொடுத்தாள், அண்ணனின் மகனுக்கும் எடுத்தார்கள், 4 வயதுப் பிள்ளை, ஊசிக்குப் பயந்து அழுதது. பொருந்தவில்லை என்று முடிவு வந்தது. அம்மா மாதா படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றி நன்றி சொன்னாள். மைனி, அண்ணனின் மனைவி, அடுப்படியில் போய்ச் சத்தமில்லாமல் அழுதாள். இரண்டு பேரையும் நான் பார்த்துக்கொண்டு நின்றேன், யார் பக்கம் போவது என்று தெரியவில்லை.

கிறிஸ்மஸ் வந்தது. எங்கள் வீட்டில் டிசம்பர் 1ஆம் தேதி நட்சத்திரம் கட்டிவிடுவது அப்பா காலத்து வழக்கம். அப்பா மூங்கிலைச் சீவிக் கட்டி, கலர் தாள் ஒட்டி, உள்ளே விளக்கு வைத்து, வீட்டு முன்னால் நிற்கிற தென்னையில் உயரமாகக் கட்டுவார். கடலில் இருந்து பார்த்தால் தெரிய வேண்டும் என்பார், தெரியுமோ தெரியாதோ. குடிலில் கடற்கரை மணல்தான் போடுவோம். அப்பா முருக்கு மரத்தில் செதுக்கிய சின்னக் கட்டுமரம் ஒன்று இருக்கிறது, அதைத் தீவனத் தொட்டிக்குப் பக்கத்தில் வைப்போம். "ராசாக்கமார் ஒட்டகத்துல வரட்டும், நம்ம ஆட்கள் இதுல வருவாங்க" என்று அப்பா சொல்வார். பலகாரம் முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும். முந்திரிக்கொத்துக்குப் பாசிப்பயறு வறுப்பது அண்ணன் வேலை, அவன் கடலில் இருக்கிற வருஷம் மட்டும்தான் எங்கள் கைக்கு வரும்.

இழவு விழுந்த வீட்டில் அந்த வருஷம் நட்சத்திரம் கட்டுவதில்லை, பலகாரம் சுடுவதில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் கொண்டுவந்து கொடுப்பார்கள், அதுதான் மரியாதை. 2017இல் எங்கள் தெருவில் ஒரு நட்சத்திரமும் இல்லை. கொண்டுவந்து கொடுக்கப் பக்கத்து வீட்டிலும் ஆள் இல்லாத வருஷம் அது. அம்மா மட்டும் கட்டச் சொன்னாள். கட்டாவிட்டால் மகன் செத்துவிட்டான் என்று நாமே சொன்ன மாதிரி ஆகிவிடும் என்றாள். கட்டினால் ஊர் என்ன சொல்லும் என்று நான் கேட்டேன், அப்படிக் கேட்டதற்கு இப்போதும் வருத்தப்படுகிறேன். கடைசியில் சித்தப்பா மகன் ஏறிக் கட்டினான். இருட்டுத் தெருவில் ஒற்றை நட்சத்திரம். மூன்றாம் வீட்டில் உடல் கிடைத்து அடக்கம் செய்து பத்து நாள்கூட ஆகவில்லை, அந்த வீட்டு அக்கா வந்து அதைப் பார்த்தபடி நின்றாள். கோபத்தில் கத்தப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு, "கெடக்கட்டும் மாமி, கெடக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பங்குத்தந்தையிடம் யாரோ சொல்லியிருக்க வேண்டும், மறுநாள் வந்தார். எடுத்துவிடுங்கள் என்று சொல்வார், இல்லாவிட்டால் ஆறுதலாக ஏதாவது பிரசங்கம் வைப்பார் என்று எதிர்பார்த்தோம். ஒன்றும் சொல்லவில்லை. பாயில் உட்கார்ந்தார், முழுச் செபமாலையும் எங்களோடு சொன்னார், கடலில் இருக்கிறவர்களுக்கான மந்திரம் வந்தபோது அண்ணன் பெயரை அவரே சொன்னார். தேங்காப்பட்டணத்திலிருந்து அப்பாவின் பழைய சிநேகிதர், இஸ்லாமியர், வாராவாரம் அரிசியும் மளிகையும் கொண்டுவந்து திண்ணையில் வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார். இந்த இரண்டு பேரும் எங்களுக்குச் செய்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

ஏன் சொல்கிறேன் என்றால், வந்து பேசினவர்கள் நிறையப் பேர். "எல்லாம் தேவ சித்தம்." "கடவுளுக்குப் பிரியமானவங்களை அவர் சீக்கிரம் எடுத்துக்குவார்." வெளியூரிலிருந்து வந்த ஒருவர் ஊர் செய்த பாவத்துக்கு இது தண்டனை என்றுகூடச் சொன்னார், மைனி காதில் விழும்படியாக. நல்ல மனசோடு சொன்னவர்களும் உண்டு, அவர்களுக்கு வேறு சொல் தெரியவில்லை, புரிகிறது. ஆனாலும் கேட்கிறேன்: எச்சரிக்கை நேரத்துக்கு வராததும், தேடப் போகத் தாமதமானதும் கடவுளின் சித்தமா? மனிதர்கள் செய்யத் தவறியதை ஆண்டவர் தலையில் வைக்கலாமா? அதைச் சொல்கிறவர்கள் அறியாமலேயே ஒரு தாயிடம் உன் பிள்ளையைக் கொன்றது உன் கடவுள்தான் என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

யோவான் நற்செய்தி 11ஆம் அதிகாரம் இறந்தவர்களுக்கான திருப்பலிகளில் அடிக்கடி வாசிக்கப்படும். சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன், ஆனால் 2017க்குப் பிறகுதான் அது ஒரு தங்கை பேசுகிற பேச்சு என்று உறைத்தது. இறந்துபோன லாசரின் சகோதரி மார்த்தா ஆண்டவரைப் பார்த்ததும் முதலில் சொல்வது என்ன? நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் செத்திருக்க மாட்டான். இன்னொரு சகோதரி மரியாவும் வந்து அதே வார்த்தையைத்தான் சொல்கிறாள். அது குற்றச்சாட்டு. அப்படிப் பேசாதே, இது தேவ சித்தம் என்று இயேசு அவர்களை அடக்கவில்லை. அவனை எங்கே வைத்தீர்கள் என்று கேட்கிறார். வந்து பாரும் என்கிறார்கள். அழுகிறார்.

அந்த இடம் வரும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் தொண்டை அடைத்துவிடும். எங்கே வைத்தீர்கள் என்று ஆண்டவரே கேட்டாலும் வந்து பாரும் என்று சொல்ல எனக்கு ஒரு இடம் இல்லையே. மார்த்தாவுக்குக் குகையும் இருந்தது, கல்லும் இருந்தது, நான்கு நாள் ஆயிற்று என்று எண்ணிச் சொல்ல நாளும் இருந்தது. எங்களிடம் நாள்கூட இல்லை. நவம்பர் 30ஆ, டிசம்பர் 1ஆ, அதற்குப் பிறகும் உயிரோடு கிடந்தானா, யாருக்குத் தெரியும். ஏழாம் நாள் பூசையை எந்த நாளிலிருந்து எண்ணுவது? ஆண்டு பூசை எப்போது?

நாள் இல்லாததால் வந்த கஷ்டம் செபத்தோடு நிற்கவில்லை. காணாமல் போனவரை இறந்தவராகக் கருத ஏழு ஆண்டு என்று சட்டம். எங்கள் விஷயத்தில் அரசு அவ்வளவு காலம் இழுக்காமல் 20 லட்சம் உதவித்தொகை கொடுக்க முடிவெடுத்தது, அதற்கு நன்றியோடுதான் இருக்கிறோம். ஆனால் அதற்கான தாளில் கையெழுத்துப் போட வேண்டுமே. மைனிக்கு 31 வயது, இரண்டு பிள்ளைகள், படகுக்கு வாங்கிய கடனில் அண்ணன் பங்கு அப்படியே நிற்கிறது. அவள் போட்டுத்தான் ஆக வேண்டும். அம்மாவைப் பொறுத்தவரை அந்தக் கையெழுத்துதான் அண்ணனுக்குச் சாவு. இரண்டு பேரும் நான்கு மாதம் பேசிக்கொள்ளவில்லை. ஒரே வீட்டில், ஒரே பாயில் உட்கார்ந்து செபமாலை சொல்லிக்கொண்டு. கடலில் இருக்கிறவர்களுக்கான மந்திரத்தில் அம்மா அவன் பெயரைச் சொல்வாள், மரித்தவர்களுக்கான மந்திரத்தில் மைனி உதட்டுக்குள் சொல்வாள். எனக்கு இரண்டும் கேட்கும்.

அவர்களை யாரும் சமாதானப்படுத்தவில்லை, தானாகத்தான் சரியானது. ஒரு நாள் மைனிக்குக் காய்ச்சல், அம்மா ராத்திரி முழுக்க அவள் தலைமாட்டில் உட்கார்ந்து ஈரத்துணி போட்டாள். காலையில் மைனி, "மாமி, நான் அவுகள சாகச் சொல்லி எழுதல" என்றாள். "எனக்குத் தெரியும் பிள்ளே" என்றாள் அம்மா. அவ்வளவுதான்.

அம்மா 2022 தவக்காலத்தில் போய்ச் சேர்ந்தாள். கடைசிவரை அண்ணன் பெயரைக் கடல் வரிசையிலிருந்து எடுக்கவில்லை. கல்லறை கட்டும்போது அம்மா பெயருக்குக் கீழே அண்ணன் பெயரையும் வெட்டலாம் என்று நானும் மைனியும் பேசி முடிவெடுத்தோம். கல் வெட்டுகிறவர் பிறந்த தேதியை எழுதிக்கொண்டு, இறந்த தேதி என்னம்மா என்று கேட்டார். இரண்டு பேரும் பதில் சொல்லாமல் நின்றோம். அவருக்குப் புரிந்துவிட்டது, அவரும் எங்கள் கடற்கரைக்காரர். சின்னதாக ஒரு சிலுவையை வெட்டி, அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டார்.

எங்களுக்கு அப்படி ஒரு வழி கிடைத்தது. கிடைக்காதவர்கள் இருக்கிறார்கள், புயலில் காணாமல் போனவர்களின் பெற்றோர் இன்னும் பலர் உயிரோடு இருக்கிறார்கள், அவர்களுக்குப் பெயர் வெட்டக் குடும்பக் கல்லறைகூட இல்லை. அதனால் என் கோரிக்கை இரண்டு. ஒன்று, கடற்கரைப் பங்குகளின் ஃபாதர்மார்களுக்கும், அன்பியங்கள் என்கிற பங்கு மக்களின் சிறு குழுக்களுக்கும்: கல்லறைத் தோட்டத்தில் கடலில் போனவர்களுக்கென்று ஒரு இடத்தை ஒதுக்குங்கள், பெரிய மண்டபம் எல்லாம் வேண்டாம், ஒரு சிலுவையும் மெழுகுவர்த்தி வைக்க ஒரு திட்டும் போதும், நவம்பர் 2ஆம் தேதி தீர்த்தம் தெளிக்கும்போது அங்கேயும் வந்து நின்று பெயர் சொல்லுங்கள். இரண்டாவது உங்களுக்கு. இந்த நவம்பர் 30 வந்தால் எட்டு வருஷம். காற்றின் வேகத்தையும் தலைவர்களின் அறிக்கையையும் போடுகிற இடத்தில், திரும்பி வராதவர்களின் பெயர்களை ஊர்வாரியாகப் போடுங்கள், குடும்பத்தாரிடம் கேட்டு. இறந்தவர்கள் என்றோ காணாமல் போனவர்கள் என்றோ தலைப்பு வேண்டாம். 2017 நவம்பரில் கடலுக்குப் போனவர்கள் என்று போட்டால் எந்த அம்மாவும் வருத்தப்பட மாட்டாள்.

அண்ணன் மகளுக்கு இப்போது 14 வயது. அம்மா போன பிறகு செபமாலையை அவள்தான் நடத்துகிறாள். போன வருஷம் ஒரு நாள், "அத்தை, அப்பா பேரை எந்த இடத்துல சொல்லணும்?" என்று கேட்டாள். நான் மைனியைப் பார்த்தேன். மைனி, "ரெண்டு இடத்துலயும் சொல்லு" என்றாள். அன்றிலிருந்து அப்படித்தான் சொல்கிறாள்.

டிசம்பர் 1ஆம் தேதி நட்சத்திரம் கட்ட வேண்டும். இப்போது ஏறிக் கட்டுவது அண்ணன் மகன், 12 வயது, கீழே நின்று நான்தான் பயந்துகொண்டிருப்பேன். பாசிப்பயறு வறுக்கவும் அவனே நிற்கிறான், யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

இப்படிக்கு,
ஒரு தங்கை,
தூத்தூர் பகுதி, கன்னியாகுமரி மாவட்டம்